உழவு இரும்பு – 7: ஒன்பதா, இரண்டா, எட்டா?

1939 முதல் 1952 வரை ஃபோர்டு கம்பெனி மூன்று சின்ன டிராக்டர்களைச் செய்தது: 9என், 2என், 8என். மூன்றும் சேர்ந்து எட்டு லட்சத்துக்கும் மேல் விற்றன. அமெரிக்காவில் இன்றும் புல் வெட்டவும் பனி தள்ளவும் இவற்றை வைத்திருக்கிறவர்கள் உண்டு. மூன்றுக்கும் ஒரே உயரம், ஒரே வாகு, முன்னால் சரிந்து இறங்கும் அதே பானட். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரிதான் இருக்கும். விற்கிறவர் சொல்லும் பெயரை அப்படியே நம்பி வாங்கிவிட்டு, உதிரிபாகம் தேடும்போதுதான் பலருக்கும் தங்களிடம் இருப்பது வேறு வண்டி என்று தெரிய வருகிறது.

ஆளை முதலில் ஏமாற்றுவது பெயிண்ட். 9என்னும் 2என்னும் தலை முதல் கால் வரை அடர் சாம்பல் நிறத்தில் வந்தவை. 8என்னில் தகடெல்லாம் வெளிர் சாம்பல். எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு என்று வார்ப்பிரும்பு முழுக்கச் சிவப்பு. படத்தில் பார்த்தால் பிரித்தறிய இது போதும். நேரில் போதாது. சிவப்பு வயிறுதான் பழைய ஃபோர்டின் அடையாளம் என்று மனதில் பதிந்துவிட்டதால், 9என்னைப் புதுப்பிக்கிறவர்களும் அதற்குச் சிவப்பு அடித்துவிடுகிறார்கள். பானட்டும் மட்கார்டும் போல்ட்டைக் கழற்றினால் மாற்றக்கூடியவை. எனவே 8என்னில் அவற்றின்மேல் புடைத்து நிற்கும் ஃபோர்டு என்ற எழுத்தையும் ஓரளவுக்குத்தான் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வண்டிகளைப் பிரித்தறிய நினைக்கிறவர், எது மாறியது என்பதோடு ஏன் மாறியது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பட்டியலை மனப்பாடம் செய்தவரை ஒரு மாற்று பானட் குழப்பிவிடும். காரணம் தெரிந்தவர் எந்த இடத்தில் குனிந்து பார்க்க வேண்டும் என்று அறிவார்.

முதல் காரணம் ஒரு கைகுலுக்கல். வட அயர்லாந்தின் டவுன் மாவட்டத்து விவசாயி மகனான ஹாரி ஃபெர்குசன், 1938 இலையுதிர் காலத்தில் தன் டிராக்டரை டியர்போர்னுக்குக் கொண்டுபோய் ஹென்றி ஃபோர்டின் நிலத்தில் உழுது காட்டினார். அதுவரை டிராக்டருக்குப் பின்னால் கலப்பையைக் கொக்கியில் மாட்டி இழுப்பதுதான் வழக்கம். கலப்பை பாறையில் சிக்கினால், சக்கரம் நிற்க, எஞ்சின் திமிறி, வண்டியின் மூக்கு எழும்பிப் பின்னால் கவிழும். ஃபோர்டின் பழைய ஃபோர்ட்சன் டிராக்டரில் இப்படி மல்லாந்து உயிர்விட்டவர்கள் பலர். ஃபெர்குசன் கலப்பையை மூன்று கைகளால் டிராக்டரின் உடம்போடு சேர்த்தார். கீழே இரண்டு கைகள் இழுக்கும். மேலே இருக்கும் டாப் லிங்க், கலப்பை மண்ணில் இறுகும்போது டிராக்டரை நோக்கி அழுத்தும். அந்த அழுத்தத்தை உணர்ந்து ஹைட்ராலிக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும். மண் இளகினால் திரும்ப இறக்கும். மூக்கை எழுப்பப் பார்க்கும் விசையை முன்பக்கத்தை அமுக்கும் விசையாக மாற்றியதுதான் இதில் இருக்கும் அற்புதம். இன்று தஞ்சாவூரிலோ தாராபுரத்திலோ கல்டிவேட்டர் மாட்டி உழுகிற டிராக்டர்கள் எல்லாம் இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன.

இருவரும் எழுத்து ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. கையைக் குலுக்கினார்கள், அவ்வளவுதான். 1939 ஜூனில் 9என் வெளிவந்தது. பானட்டின் மூக்கில் ஃபோர்டின் நீள்வட்டச் சின்னம். அதன் கீழே ‘ஃபெர்குசன் சிஸ்டம்’ என்று ஒரு தகடு. 9என்னிலும் 2என்னிலும் இந்தத் தகடு உண்டு. 8என்னில் கிடையாது, இருக்கவும் முடியாது. அது உறவு முறிந்த பிறகு பிறந்த வண்டி.

இரண்டாவது காரணம் போர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலேயாவின் ரப்பர் ஜப்பான் கைக்குப் போனது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் நம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள். அவர்களில் பல்லாயிரம் பேரைப் பிறகு சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அந்த மரங்களிலிருந்து வந்த ரப்பர் நின்றுபோனதும் அமெரிக்காவில் டிராக்டருக்கு டயர் கிடைக்கவில்லை. செம்புக்கும் தட்டுப்பாடு. அப்போது வந்ததுதான் 2என். முழுக்க இரும்புச் சக்கரம், பேட்டரி கிடையாது, மேக்னட்டோவில் பொறி, கையால் கிராங்க் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். ஆனால் எல்லா 2என்னும் இப்படி இருக்காது. பொருள்கள் திரும்பக் கிடைக்கத் தொடங்கியதும் டயரும் பேட்டரியும் திரும்பி வந்தன. பெயர் மட்டும் அப்படியே நீடித்தது. இரும்புச் சக்கரத்தோடு வந்தவற்றுக்கும் உரிமையாளர்கள் பின்னாளில் டயர் மாட்டிவிட்டார்கள்.

அதனால் 9என்னையும் 2என்னையும் தோற்றத்தை வைத்துப் பிரிப்பது மிகவும் கடினம். எண் இருக்கிறதே என்பீர்கள். எஞ்சின் பிளாக்கின் இடப்பக்கத்தில், ஹெட்டுக்குக் கீழே, அழுக்கைத் துடைத்தால் வரிசை எண் தெரியும். ஆனால் 2என் வண்டிகளிலும் ‘9என்’ என்றுதான் பொறித்தார்கள். அதே வரிசை தொடர்ந்தது. சுமார் 99,000 வரை 9என், அதற்கு மேல் 2என். பொறிப்பில் ‘9என்’ என்று கண்டதும் 1939 வண்டி கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதிக்கிறவர்கள் பின்னால் வரும் எண்ணையும் பார்க்க வேண்டும். இன்னொன்று: எண் இருப்பது எஞ்சினில். எண்பது வருடத்தில் எஞ்சின் மாறாத டிராக்டர் குறைவு. அந்த எண் எஞ்சினின் வயதைத்தான் சொல்லும். அதற்குப் பின்னால் இருக்கும் உடம்பின் வயதுக்கு அது பொறுப்பாகாது.

அப்படியானால் உடம்பைத்தான் பார்க்க வேண்டும். இங்கேதான் மூன்றாவது காரணமான சண்டை உதவிக்கு வருகிறது. முதியவர் ஃபோர்டிடமிருந்து கம்பெனிப் பொறுப்பு 1945இல் பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டின் கைக்கு வந்தது. தாத்தாவின் கைகுலுக்கல் பேரனைக் கட்டுப்படுத்தவில்லை. ஃபெர்குசனை விட்டுவிட்டு, 1947 ஜூலையில் 8என்னை ஃபோர்டு தனியாகவே கொண்டுவந்தது. ஹைட்ராலிக் மட்டும் ஃபெர்குசன் காட்டிய வழியிலேயே இருந்தது. அவர் வழக்குப் போட்டு 25.1 கோடி டாலர் கேட்டார். 1952இல் 92.5 லட்சம் டாலரில் சமரசம் ஆனது.

புதிய வண்டி என்று சொல்லி விற்க வேண்டுமென்றால் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? அந்தப் புதியவை எல்லாம் கழற்றி மாற்றச் சிரமமான இடங்களில் அமைந்தது நம் அதிர்ஷ்டம். சீட்டில் ஏறி உட்கார்ந்து காலைப் பாருங்கள். 9என்னிலும் 2என்னிலும் இடப் பிரேக் இடப்பக்கம் கிளட்சுக்கு அருகில், வலப் பிரேக் வலப்பக்கம். வரப்போரம் இடப்பக்கம் திரும்ப ஒரே காலால் கிளட்சையும் பிரேக்கையும் சமாளிக்க வேண்டியிருந்தது. 8என்னில் இரண்டு பிரேக்கும் வலப்பக்கத்துக்கு வந்துவிட்டன. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பெயிண்ட் அடிக்கிறவர் யாரும் பெடலை இடம் மாற்றப்போவதில்லை.

அடுத்து கியர். பழைய இரண்டிலும் முன்னோக்கி மூன்று கியர், 8என்னில் நாலு. பழைய வண்டிகளில் சிலர் ஷெர்மன் என்ற துணைக் கியர் பெட்டியை வாங்கிப் பொருத்தியிருப்பார்கள். அதற்குத் தனி லீவர் இருக்கும், குழம்ப வேண்டாம். சீட்டுக்குக் கீழே வலப்பக்கம் ஒரு சின்ன லீவர் தெரிந்தால் அது பொசிஷன் கண்ட்ரோல். மண்ணின் இறுக்கத்தைப் பார்க்காமல் கலப்பையைக் குறிப்பிட்ட உயரத்திலேயே நிறுத்தி வைக்க உதவுவது. இதுவும் 8என்னில் வந்த புதுமை. பின் சக்கரத்தின் நடுவில் எட்டு நட்டுகள் பெரிய வட்டமாக நின்றால் அதுவும் 8என்னைத்தான் காட்டும்.

8என்னுக்குள்ளேயும் ஒரு பிரிவு உண்டு. ஆரம்பத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முகத்தில், ஃபேனுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பாயிண்ட் சரிசெய்யக் கையை நுழைக்க இடமில்லாமல் மெக்கானிக்குகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1950இல், 8என்263843 என்ற எண்ணுக்குப் பிறகு, அதைப் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். பாயிண்ட், கண்டென்சர், மூடி எல்லாமே இரண்டுக்கும் வெவ்வேறு. ‘8என்னுக்கு ஒரு செட்’ என்று மொட்டையாகக் கேட்டால் தவறான செட் வந்து சேர வாய்ப்பு அதிகம்.

இந்த மூன்றோடு நாலாவதாக ஒரு வண்டியையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்: ஃபெர்குசன் டிஇ20. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தந்தது. அதே சாம்பல் நிறம், அதே உருவம். இதற்கு எஞ்சின்தான் சாட்சி. ஃபோர்டில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே இருக்கின்றன. அதனால் ஹெட் தட்டையான ஒரு இரும்பு மூடிதான். நாலு பிளக்கும் அதன்மேல் நிமிர்ந்து நிற்கும். டிஇ20 எஞ்சினில் வால்வுகள் தலைக்கு மேலே இருப்பதால் ஹெட் உயரமாக இருக்கும். பெட்ரோல் வண்டியானால் பிளக்குகள் பக்கவாட்டில் தெரியும். பானட்டும் முன்பக்கம் கீல் வைத்து அப்படியே முன்னோக்கிச் சாயும்.

ஃபெர்குசன் 1953இல் மாஸி-ஹாரிஸோடு இணைந்தார். அங்கிருந்து மாஸி ஃபெர்குசன் பிறந்தது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, அந்தப் பெயரில்தான் டிராக்டர் செய்து நம் வயல்களுக்கு அனுப்பியது. டாஃபேயின் 1035க்கு மூதாதையான 35ஆம் மாடலிலும் சாம்பல்-பொன் நிறத்தில் ஒன்று, சிவப்பு-சாம்பலில் ஒன்று, நாலு சிலிண்டர் டீசல் ஒன்று, மூன்று சிலிண்டர் டீசல் ஒன்று என்று கிளைகள் உண்டு. அவற்றை எங்கே பார்த்துப் பிரிப்பது என்பதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.