வயலில் பத்து நாள், கடலில் எத்தனை நாள்?

கொற்கை ஒரு காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம். இன்று அங்கே நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது. பல கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. அதற்குப் பின் தலையெடுத்த காயலுக்கும் அதே கதிதான். தாமிரபரணி காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையைத் தள்ளிக்கொண்டே போனதை, 1870களில் இங்கே தோண்டிப் பார்த்த கால்டுவெல்லும் பதிவு செய்திருக்கிறார். அந்த வரிசையில் இன்று ஆற்றின் வாயில் இருக்கும் ஊர் புன்னைக்காயல். பொதிகையில் பிறந்த ஆறு எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டி, நெல்லுக்கும் வாழைக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் பாய்ந்து, எஞ்சிய நீரையும் மண்ணையும் இங்கேதான் கடலில் சேர்க்கிறது. மேலே வயலில் இடுகிற எந்த மருந்தும் சிதையாமல் மிஞ்சினால், அது கடைசியாக வந்து சேரும் இடமும் இந்தக் கழிமுகம்தான்.

களையெடுக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. அதனால் களைக்கொல்லி இல்லாத வயல் குறைந்துகொண்டே வருகிறது. இதற்காக விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மருந்துக் கடையில் சாதாரணமாகச் சொல்லப்படும் ஒரு வார்த்தையை மட்டும் ஆராய்ந்து பார்க்கத்தான் வேண்டும்: ‘மண்ணுல பட்டா செத்துரும்.’

இதில் பாதி உண்மை இருக்கிறது. கிளைபோசேட்டை எடுத்துக்கொள்வோம். 1974இல் சந்தைக்கு வந்து, இன்று உலகிலேயே மிக அதிகமாகத் தெளிக்கப்படும் களைக்கொல்லி இது. இதன் மூலக்கூறில் பாஸ்பரஸ் கொண்ட ஒரு முனை உண்டு. மண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளை அந்த முனை இறுகப் பற்றிக்கொள்ளும். பற்றியபின் வேருக்குள் போகாது. தெளித்த சில நாளிலேயே அதே நிலத்தில் விதைக்க முடிவது இதனால்தான். ஆனால் ஒட்டிக்கொள்வது வேறு, சிதைவது வேறு. ஒட்டிய மூலக்கூறு அப்படியே முழுசாக இருக்கிறது. பாஸ்பேட் உரமும் மண்ணில் அதே இடங்களுக்குத்தான் போட்டியிடும். டிஏபி அதிகம் இட்ட நிலத்தில் கிளைபோசேட் பிடி தளர்ந்து மறுபடி நீருக்கு வரக்கூடும். மண்ணே அரித்துக்கொண்டு போனாலோ, மருந்தும் அதோடு சேர்ந்து பயணம் போகும்.

உண்மையான சிதைவு நுண்ணுயிர்களின் வேலை. கிளைபோசேட்டை அவை இரண்டு வழிகளில் வெட்டுகின்றன. ஒன்று, கார்பனும் பாஸ்பரசும் சேரும் பிணைப்பை அறுத்து, பாஸ்பரசைத் தம் உணவாக எடுத்துக்கொள்வது. மற்றொன்று, கார்பன்–நைட்ரஜன் பிணைப்பை அறுப்பது. இந்த இரண்டாம் வழியில் ‘ஆம்பா’ என்ற இடைப்பொருள் உண்டாகிறது. அது தாய்ப்பொருளைவிட அதிக நாள் மண்ணில் தங்கும். மருந்து காணாமல் போய்விட்டது என்று ஆய்வறிக்கை சொல்லும்போது, ஆம்பாவையும் சேர்த்துப் பார்த்தார்களா என்று கேட்பது நல்லது.

நெல்லில் இன்றும் புழங்கும் 2,4-டி சொல்லும் கதை இன்னும் சுவையானது. 1940களின் இறுதியில் பிரிட்டிஷ் அறிவியலாளர் ஆடஸ், இந்த மருந்து கலந்த நீரை மண்ணினூடே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுப் பார்த்தார். முதலில் சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திடீரென்று மருந்து வேகமாகக் குறைந்தது. அதே மண்ணில் மறுபடி மருந்து ஊற்றியபோது காத்திருப்பே இல்லை, உடனே சிதையத் தொடங்கியது. அந்த மருந்தைத் தின்னத் தெரிந்த பாக்டீரியாக்கள் இதற்குள் மண்ணில் பெருகிவிட்டிருந்தன. சில பாக்டீரியாக்களில் இந்தத் திறனுக்கான மரபணுக்கள் பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தில் இருப்பதும், அந்த வளையம் பக்கத்துப் பாக்டீரியாவுக்குக் கைமாறுவதும் பின்னால் தெரியவந்தது. மனிதன் ஆய்வகத்தில் உருவாக்கிய ஒரு வேதிப்பொருளுக்கு மண் இவ்வளவு சீக்கிரம் பதில் கண்டுபிடிக்கிறது என்பது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இதனால்தான் நல்ல வயல் மண்ணில் 2,4-டியின் அரை ஆயுள் ஏறத்தாழ 10 நாள். அதாவது 10 நாளில் பாதி, 20 நாளில் கால், 30 நாளில் அரைக்கால் மிஞ்சும். இந்த எண்ணை மருந்தின் குணம் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது மருந்தும் இடமும் சேர்ந்து உண்டாக்கும் எண். ஈரம், வெப்பம், பிராணவாயு, மட்கு, அங்கே வாழும் உயிர்கள் எல்லாம் அதைத் தீர்மானிக்கின்றன. ஒரு கிராம் வயல் மண்ணில் நூறு கோடி பாக்டீரியாக்கள் இருக்கலாம். ஒரு மில்லி கடல்நீரில் இருப்பது சுமார் பத்து லட்சம். ஆற்றுவாயைத் தாண்டிய மருந்துக்கு ஆயுள் கூடும் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஊகத்தோடு நிற்கவேண்டியதும் இல்லை. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதிக் கடல்நீரை எடுத்து, அதில் கிளைபோசேட் கலந்து பார்த்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. மங்கலான வெளிச்சத்தில், 25 டிகிரி வெப்பத்தில் அரை ஆயுள் 47 நாள். இருட்டில் அதே வெப்பத்தில் 267 நாள். 31 டிகிரியில், இருட்டில், 315 நாள். வெப்பம் ஏறினால் சிதைவும் வேகமாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே அது நடக்கவில்லை. வெள்ளக்காலக் கலங்கல் நீரில் வெளிச்சம் ஆழத்துக்குப் போகாது என்பதையும், மன்னார் வளைகுடா நீர் சூடானது என்பதையும் வைத்துப் பார்த்தால், நமக்குப் பொருந்துவது முதல் எண்ணைவிடப் பின்னிரண்டு எண்கள்தான் என்று தோன்றுகிறது.

டையூரான் என்ற மருந்து இன்னும் கவலை தருவது. இந்தியாவிலும் பதிவு பெற்ற களைக்கொல்லிதான். தாவரத்தின் ஒளிச்சேர்க்கையையே தடுத்து நிறுத்துவது அதன் வேலை. வயல் களை, கடற்புல் என்று அது வேறுபாடு பார்ப்பதில்லை. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே கடற்புல்லின் ஒளிச்சேர்க்கை மங்குவதை ஆஸ்திரேலிய ஆய்வு 2000இல் காட்டியது. அதில் சோதிக்கப்பட்ட ஹாலோபிலா ஓவாலிஸ் என்ற இனம் மன்னார் வளைகுடாவிலும் வளர்கிறது. ஆவுளியா என்னும் கடற்பசு மேய்வதும் இறால் குஞ்சுகள் ஒதுங்குவதும் கடற்புல் வெளிகளில்தான்.

இனி நம் வயலுக்கு வருவோம். நாற்று நட்ட மூன்றாம் நாள் வாக்கில், பூட்டாகுளோர் போன்ற மருந்தை மணலில் பிசறி, மெல்லிசாகத் தேங்கிய தண்ணீரின் மேல் ஒரே சீராக வீசுவார்கள். அதன்பின் இரண்டு நாளாவது தண்ணீரை வடிக்கக் கூடாது, புதுத் தண்ணீரும் பாய்ச்சக் கூடாது என்பது வேளாண் பரிந்துரை. களை முளைக்காமல் தடுக்கச் சொன்ன யோசனை இது. ஆனால் கடலைக் காப்பாற்றுவதும் இதே யோசனைதான். மருந்து வயலுக்குள் நிற்கிற ஒவ்வொரு நாளும் மண் அதைத் தின்னும் நாள்.

இதை ஒரு கொள்கையாகவே மாற்றிய இடம் கலிஃபோர்னியா. 1980களின் தொடக்கத்தில் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கின் நெல்வயல் வடிகால்களில் மீன்கள் செத்து மிதந்தன. சாக்ரமெண்டோ நகரில் குடிநீர் கசப்பதாக மக்கள் புகார் சொன்னார்கள். இரண்டுக்கும் காரணம் நெல்லுக்கு இட்ட களைக்கொல்லிகள். மருந்திட்ட தண்ணீரை வயலிலேயே இத்தனை நாள் நிறுத்தவேண்டும் என்று விதி வந்தது. அந்த நாட்கள் படிப்படியாக நான்கு வாரம் வரை நீட்டப்பட்டன. ஆற்றில் மருந்து அளவு பெருமளவு சரிந்தது.

அந்த விதியை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே பிசானப் பருவ நெல் நடவும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன. மருந்துக்கு வயலில் நிற்க அவகாசம் தேவைப்படும் அதே வாரங்களில் மழை வரப்பை உடைக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை இந்தப் பகுதி மறக்காது. ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் மூழ்கின, புன்னைக்காயல் துண்டிக்கப்பட்டது. அன்று கடலுக்குப் போனது வெறும் தண்ணீர் மட்டுமில்லை, வயலின் மேல்மண்ணும் போனது. மேல்மண்ணில்தான் மருந்து ஒட்டியிருக்கும்.

செய்யக்கூடியவை சில உண்டு. கனமழை அறிவிப்பு வந்த வாரத்தில் மருந்து அடிக்காமல் தள்ளிப்போடலாம். மடையை அடைத்து, வரப்பைச் சற்று உயர்த்தி வைக்கலாம். வாய்க்காலை அடைக்கும் அமலைச்செடிகளை மருந்தால் கொல்லாமல் இயந்திரத்தால் அள்ளலாம். 2022இல் மத்திய அரசு கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மட்டுமே தெளிக்கலாம் என்று அறிவித்தது. யார் தெளிப்பது என்பதோடு, எந்த வாரத்தில், எந்த வாய்க்கால் ஓரத்தில் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீரை மட்டும் சோதித்தால் போதாது. ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே, ஏரலில், முக்காணியில், புன்னைக்காயல் அலையாத்திகளின் அடியில் சேற்றை எடுத்து, கிளைபோசேட், ஆம்பா, டையூரான் மூன்றையும் ஆண்டுதோறும் அளக்கவேண்டும். பருவமழையின் முதல் வெள்ளம் வடிந்த வாரம் அதற்குச் சரியான நேரம். முடிவுகளை மேலே உழுகிறவர்களுக்கும் கீழே வலை வீசுகிறவர்களுக்கும் ஒரே நாளில், தமிழில் கொடுக்கவேண்டும்.