ஆவடியின் டாங்கியும் அதை ஓட்டக் கற்பதும்

கரையான்சாவடி சந்தியிலிருந்து வடக்கே பிரியும் சாலை சென்றடையும் ஆவடியில், 1965-ஆம் ஆண்டு ‘விஜயந்தா’வில் தொடங்கி, அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் என்று நம் தேசத்தின் டாங்கிகள் உருவாகி வருகின்றன என்பது இந்தப் பக்கத்து ஜனங்கள் நன்கறிந்த செய்தி. ஆனால், ஏறத்தாழ 68 டன் எடையும் 120 மில்லிமீட்டர் பீரங்கியும் கொண்ட அர்ஜுனின் புதிய வடிவத்தை, கிராமத்திலிருந்து வந்து படையில் சேர்ந்த ஓர் இளைஞன் ஓட்டவும் அதிலிருந்து சுடவும் எவ்விதம் கற்றுக்கொள்கிறான் என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

அசல் டாங்கியிலேயே ஆரம்பப் பாடம் நடத்துவதென்றால் எரிபொருளும் குண்டுகளும் செலவாவதோடு, சங்கிலிச் சக்கரமும் எஞ்சினும் தேய்கின்றன. மாணவனின் பிழை உயிருக்கே அபாயமாகவும் முடியலாம். ஆகவேதான், மெய்யான டாங்கியின் நெம்புகோல்களும் மிதிகளும் அப்படியே அமைந்து, பார்வைத் துவாரத்தில் திரைக்காட்சி ஓட, மேடுபள்ளத்திற்கேற்ப முழுவதும் ஆடி அசையும் கூண்டாகிய சிமுலேட்டரில் முதலில் பயிற்சி அளிக்கிறார்கள்.

இந்த யுக்தி விமானத் துறையில் பிறந்தது. அமெரிக்காவில் ஆர்கன் வாத்தியம் செய்யும் குடும்பத்தில் வளர்ந்த எட்வின் லிங்க், வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டே ஆடி அசையும் விமானக் கூண்டொன்றை 1929-இல் அமைத்தபோது, அதை உல்லாசப் பூங்காக்களே விரும்பி வாங்கின. 1934-இல் தபால் சுமந்து மோசமான வானிலையில் பறந்த ராணுவ விமானிகள் பலர் மாண்ட பிறகே சேனை அதன் அருமையை உணர்ந்து ஆறு கருவிகளை வாங்கிற்று.

கருவியை வாங்கிவிட்டால் பயிற்சி அமைந்துவிட்டது என்று கருதுவதைப் போன்ற பிழை வேறில்லை. திட்டமிடுவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, சிப்பாய் எந்தக் காரியத்தை, எந்தச் சூழ்நிலையில், எவ்வளவு விரைவாகவும் துல்லியமாகவும் செய்ய வேண்டும் என்பதையே. அதன் பின்னரே, எது வகுப்பறைக்கு, எது கூண்டுக்கு, எது மைதானத்திற்கு உரியது என்று பிரிக்க முடியும். இரவு, புகை, எஞ்சினில் தீ, குறிபார்க்கும் கருவி பழுது ஆகிய இடர்களைப் பாடத்தின் நடுவே ஆசிரியர் வேண்டுமென்றே புகுத்துவார். பாடம் முடிந்ததும், பதிவான காட்சியை மறுபடி ஓட்டி, குழுவினர் அனைவரும் அமர்ந்து, எந்த நொடியில் எவர் தாமதித்தார் என்று ஒளிவுமறைவின்றி ஆராயும் அந்தச் சம்பாஷணையே பயிற்சியின் உயிர் என்பது என் திடமான அபிப்பிராயம். நல்ல ஆசிரியர் இல்லாத இடத்தில், விலையுயர்ந்த இயந்திரமும் தவறான பழக்கத்தையே ஊன்றிவிடும். திரையிலுள்ள மணலில் சங்கிலி புதையாவிட்டால், அசல் மணலிலும் புதையாது என்றே சாரதியின் கைகள் நம்பத் தொடங்கும்.

2021 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட சிமுலேட்டர் கொள்கைச் சட்டகம், போரிடுவோர் மட்டுமின்றி, தலைவர்கள், பழுதுபார்ப்போர், நிர்வாகிகள் ஆகியோரையும் இம்முறைக்குள் கொண்டுவர முனைகிறது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் ராஜஸ்தானத்து வெப்பத்தில் இரும்புக்குள் பல மணி நேரம் அடைந்து கிடக்கும் களைப்பையும், மெய்யான பீரங்கியின் அதிர்ச்சியையும் எந்தத் திரையும் கற்பிக்காது. ஆகையால், அசல் குண்டுகளைக் கொண்டு சுடும் நாட்கள் இத்தனை என்று திட்டத்திலேயே முன்கூட்டி எழுதிவைத்து, செலவு மிச்சமாகிறதென்ற காரணத்தைக் காட்டிப் பிற்பாடு எவரும் அவற்றைக் குறைக்க இடந்தராதிருத்தல் வேண்டும்.