அனுமதிச் சீட்டு இருந்தால் ஊசி

2021 மார்ச்சில் மேற்குக் கரையின் சோதனைச் சாவடிகளில் இஸ்ரேல் கொரோனா தடுப்பூசி முகாம் போட்டது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றவர்கள் பாலஸ்தீனக் கட்டடத் தொழிலாளர்கள். வேலை அனுமதிச் சீட்டு வைத்திருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி கிடைத்தது. அவர்கள் வீட்டில் சர்க்கரை நோயோடு கிடக்கும் அம்மாவுக்கு அந்த வரிசையில் இடமில்லை. அவர் இஸ்ரேலுக்குப் போய் சாரம் கட்டப் போவதில்லையே! அடுத்த குன்றிலிருக்கும் யூதக் குடியேற்றத்திலோ டிசம்பரிலேயே ஊசி போடத் தொடங்கியாயிற்று.

ஓஸ்லோ ஒப்பந்தப்படி சுகாதாரம் பாலஸ்தீன நிர்வாகத்தின் பாடு என்பது இஸ்ரேலின் வாதம். ஆக்கிரமித்த நாடே தொற்றைத் தடுக்க வேண்டும் என்கிறது நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 56ஆம் பிரிவு. வழக்கறிஞர்கள் வாதாடட்டும், சீட்டின் கதைக்கு வருவோம்.

2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டபோது, வேலை வேண்டுமென்றால் வாரக்கணக்கில் இஸ்ரேலிலேயே தங்கிவிட வேண்டும் என்றார்கள். பலர் தங்கினார்கள். ஏப்ரலில் ஊர் திரும்பியவர்களோடு கொரோனாவும் வந்தது. சாவடிக்கு இந்தப்புறம் பாலஸ்தீனச் சுகாதாரப் பணியாளர்கள் காய்ச்சல் பார்த்தார்கள். இஸ்ரேல் எழுப்பிய தடுப்புவேலியின் ஓட்டைகள் வழியாக வந்தவர்களை யார் பார்ப்பது? மேற்குக் கரையில் ஏறத்தாழ 60 சதவீத நிலம் முழுக்க இஸ்ரேல் கட்டுப்பாட்டில். அங்கே பாலஸ்தீனக் காவலர் தம் விருப்பத்துக்கு நடமாட முடியாது.

காஸாவில் நோயைக் கண்டுபிடிக்கவே வெளியேறும் அனுமதி உதவியது என்றால் நம்புவீர்களா? ஆகஸ்ட் 2020இல் மகாஸி அகதி முகாமிலிருந்து கிழக்கு ஜெருசலேம் மருத்துவமனைக்குப் போன ஒரு பெண்ணுக்கு அங்கே சோதனை செய்தபோதுதான், காஸாவுக்குள் தொற்று பரவியிருப்பது வெளிப்பட்டது. உடனே ஊரடங்கு. எரிபொருள் நிறுத்தப்பட்டு மின் நிலையம் மூடிக் கிடந்த நேரம். நாளுக்கு நாலு மணி நேரம்தான் கரண்ட். ஆகஸ்ட் வெயிலில், விசிறிகூடச் சுழலாத வீட்டுக்குள் எத்தனை நாள் அடைந்து கிடப்பது?

ஊசியைவிட என்னை அரிப்பது சீட்டு உண்டாக்கும் பயம்தான். இருமல் என்று வாய்திறந்தால் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ, முதலாளி வேறு ஆளை வைத்துக்கொள்வாரோ என்று நினைக்கும் தொழிலாளி எந்தச் சோதனைக்கு வலிய வருவான்? ஊர் திரும்பியவர்களை 14 நாள் தனித்திருக்கச் சொன்னார்கள். அந்த 14 நாளும் அவனுக்குக் கூலி கிடையாது.