கிரிப்டோ நாணயம்: சொல்லின் பொருள் தெரியாமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம்

"பிட்கொயின் என்றால் என்ன? அதில் பணம் போட்டால் இலாபம் வருமா? அது ஹலாலா?" என்று நம் சகோதரர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பவர்களில் கடை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், மத்திய கிழக்கில் உழைத்த பணத்துடன் ஊர் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். யாரோ ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் பத்து ஆங்கிலச் சொற்களை அடுக்கிவிட்டால், "நமக்குத் தெரியாத பெரிய விஷயம் போலும்" என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடுவதுதான் இங்குள்ள ஆபத்து. எனவே இவ்வாரம் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து எளிமையாக விளக்க விரும்புகிறேன்.

ப்ளொக்செயின்

முதலில் இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. எழுதி வைக்க வேண்டும், எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், சாட்சிகள் இருக்க வேண்டும் என்பன அதன் சாரம். ப்ளொக்செயின் என்பதும் ஒரு கணக்குப் புத்தகமே. ஆனால் அது ஒருவரின் மேசை இலாச்சியில் இருப்பதில்லை.

இருபது பேர் சேர்ந்து சீட்டுப் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குக் கொப்பி சீட்டுத் தலைவரிடம் மட்டும் இருந்தால் அவர் நினைத்தபடி எழுதலாம், அழிக்கலாம். இருபது பேரிடமும் ஒரே கணக்கின் பிரதி இருந்து, ஒவ்வொரு கொடுப்பனவையும் அனைவரும் தத்தமது கொப்பியில் பதிந்தால் ஒருவர் தனியே மாற்ற முடியாது. மாற்றினால் மற்றப் பத்தொன்பது கொப்பிகளும் அவரைக் காட்டிக்கொடுக்கும். ப்ளொக்செயினில் இந்தக் கொப்பிகள் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கின்றன.

கொப்பியின் ஒரு பக்கத்தைத்தான் 'ப்ளொக்' என்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அதற்கு முந்திய பக்கத்தின் 'ஹேஷ்' எழுதப்பட்டிருக்கும். ஹேஷ் என்பது அந்தப் பக்கத்தின் கைரேகை போன்ற ஒரு நீண்ட இலக்கம். பழைய பக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கைரேகை மாறிவிடும், அடுத்த பக்கத்துடன் பொருந்தாது. பக்கங்கள் இவ்வாறு சங்கிலியாகக் கோக்கப்படுவதால்தான் 'செயின்' என்ற பெயர்.

பிட்கொயின்

ப்ளொக்செயினில் இயங்கும் முதலாவது நாணயம் இதுதான். சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ ஒரு குழுவோ 2008 ஒக்டோபர் 31 இல் இதன் திட்டத்தை வெளியிட்டார்கள். 2009 ஜனவரி 3 இல் முதலாவது ப்ளொக் உருவானது. இதற்குத் தாளும் இல்லை, உலோகமும் இல்லை. இன்ன முகவரிக்கு இத்தனை பிட்கொயின் சொந்தம் என்ற பதிவு மட்டுமே உண்டு. எந்த மத்திய வங்கியும் இதற்குப் பொறுப்பில்லை. மொத்தம் 21 மில்லியனுக்கு மேல் உருவாக முடியாது என்பது இதன் விதி. ஒரு பிட்கொயினைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் வரும் மிகச் சிறிய கூறுக்கு 'சடோஷி' என்று பெயர்.

மைனிங்

அகழ்தல் என்று பொருள். மண்ணைத் தோண்டும் வேலையல்ல. சக்தி வாய்ந்த கணினிகள் ஒரு கணிதப் புதிரை விடுவிக்கப் போட்டியிடும். வெல்லும் கணினி அடுத்த பக்கத்தை எழுதும் உரிமையையும் புதிய பிட்கொயின்களைக் கூலியாகவும் பெறும். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம். ஆரம்பத்தில் கூலி 50 பிட்கொயின். ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகும். 2024 ஏப்ரலில் 3.125 ஆகக் குறைந்தது. இந்த வேலைக்கு மின்சாரம் ஏராளமாகச் செலவாகும். ஆகவே, "உங்கள் கைத்தொலைபேசியிலேயே பிட்கொயின் மைனிங் செய்து தினமும் பல ஆயிரம் ரூபா உழைக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அது பொய் என்று இப்போது உங்களுக்கே விளங்கும்.

வொலட்டும் சாவியும்

வொலட் என்றால் பணப்பை. ஆனால் அதற்குள் நாணயம் இருப்பதில்லை, சாவிதான் இருக்கிறது. பொதுச் சாவியிலிருந்து வரும் முகவரி வங்கிக் கணக்கு இலக்கம் போன்றது. பணம் அனுப்புபவருக்குக் கொடுக்கலாம். இரகசியச் சாவி கையொப்பம் போன்றது. அது யாரிடம் இருக்கிறதோ அவரே அந்த நாணயத்தின் சொந்தக்காரர். வொலட்டை மீட்பதற்கு 12 அல்லது 24 சொற்களைத் தருவார்கள். அச்சொற்களைப் பிறரிடம் சொன்னால் பணம் போய்விடும். தொலைத்தாலும் போய்விடும். வங்கியில் இரகசிய இலக்கத்தை மறந்தால் அடையாள அட்டையுடன் போய்ப் புதிதாகப் பெறலாம். இங்கே போய் முறையிட ஒரு கவுண்டர் இல்லை. தவறான முகவரிக்கு அனுப்பியதைத் திருப்பித் தரவும் ஆளில்லை.

எக்ஸ்சேஞ்ச்

கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் இணையச் சந்தை. பெரும்பாலானோர் வாங்கிய நாணயத்தை அங்கேயே விட்டு வைக்கிறார்கள். அப்போது சாவி அந்த நிறுவனத்திடமே இருக்கும். உங்களிடம் இருப்பது அந்த நிறுவனத்தின் வாக்குறுதி மட்டுமே. டோக்கியோவில் இயங்கிய மவுன்ட் கொக்ஸ் 2014 இல் வங்குரோத்தானபோது சுமார் 850,000 பிட்கொயின்கள் காணாமற்போனதாக அறிவித்தது. பின்னர் அவற்றில் ஏறத்தாழ 200,000 மட்டுமே கண்டெடுக்கப்பட்டன. 2022 நவம்பரில் எஃப்.ரி.எக்ஸ் என்ற பெரும் நிறுவனம் வீழ்ந்தது. வாடிக்கையாளரின் பணத்தை மோசடி செய்த குற்றத்துக்காக அதன் நிறுவுனர் சாம் பேங்க்மன்-ஃப்ரீடுக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இவ்விரு சம்பவங்களிலும் பிட்கொயினின் கணக்குப் புத்தகம் பழுதாகவில்லை. சாவியை வைத்திருந்த இடத்தில்தான் கோளாறு.

எதீரியம், டோக்கன், ஸ்மார்ட் கொன்ட்ராக்ட்

2015 இல் தொடங்கிய எதீரியம் இன்னொரு ப்ளொக்செயின். அதில் நிபந்தனைகளையும் எழுதி வைக்கலாம். "இன்னது நடந்தால் இன்னாருக்கு இத்தனை கொடு" என்று எழுதினால் அது தானாகவே நிறைவேறும். இதுவே ஸ்மார்ட் கொன்ட்ராக்ட், அதாவது தானியங்கி ஒப்பந்தம். இவ்வசதியைக் கொண்டு எவரும் தமது பெயரில் ஒரு நாணயத்தை உருவாக்கலாம். அதற்கு டோக்கன் என்று பெயர். ஒரு டோக்கனை உருவாக்க விஷயம் தெரிந்தவருக்குச் சில நிமிடங்கள் போதும். ஆகவே 'புதிய நாணயம்' என்பது தன்னளவில் ஒரு பெறுமதியே அல்ல.

ஸ்டேபிள் கொயின்

பிட்கொயினின் விலை 2021 நவம்பரில் 69,000 டொலர் அளவுக்கு ஏறி, ஓராண்டுக்குள் 16,000 டொலருக்கும் கீழே இறங்கியது. இந்த ஏற்ற இறக்கத்தைத் தவிர்க்க, ஒரு நாணயம் ஒரு டொலர் என்று நிலைநிறுத்தப்படுபவையே ஸ்டேபிள் கொயின்கள். டெதர் இதற்கு உதாரணம். நிலையானது என்று பெயர் இருந்தாலும் அதன் பின்னால் உண்மையான டொலர் இருக்கிறதா என்பதே கேள்வி. கணினிச் சூத்திரத்தை மட்டும் நம்பி நின்ற டெரா யூ.எஸ்.டி 2022 மே மாதத்தில் சில நாட்களுக்குள் சரிந்துபோனது.

மார்க்கத் தீர்ப்பு

உலமாக்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. எகிப்தின் தாருல் இஃப்தா 2018 இல் பிட்கொயின் வியாபாரம் கூடாதென்றது. இந்தோனேசிய உலமா சபை 2021 இல் கிரிப்டோவை நாணயமாகப் பயன்படுத்துவதை ஹராம் என்றது. மலேசியப் பிணையங்கள் ஆணைக்குழுவின் ஷரீஆ ஆலோசனை சபையோ, பதிவு செய்யப்பட்ட சந்தைகளில் டிஜிட்டல் சொத்துக்களை வாங்கி விற்பது ஆகும் என்று 2020 இல் முடிவு செய்தது. தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். கேட்கும்போது 'கிரிப்டோ' என்று பொதுவாகக் கேட்காமல், எந்த நாணயம், யாரிடம் வாங்குவது, இலாபம் எங்கிருந்து வருகிறது என்று விபரமாகச் சொல்லிக் கேளுங்கள். வட்டியும் சூதாட்டமும் 'கரர்' எனும் நிச்சயமின்மையும் அந்த விபரங்களில்தான் மறைந்திருக்கும்.

நம் நாட்டு நிலை

இலங்கை மத்திய வங்கி 2018 இலும் பின்னர் 2022 இலும் பொதுமக்களை எச்சரித்தது. கடன் அட்டை, பற்று அட்டை மூலம் மெய்நிகர் நாணயம் வாங்க அனுமதியில்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. பணத்தில் கைவைக்கும் முன்னர் மத்திய வங்கியின் ஆகப் பிந்திய அறிவித்தலை வாசித்துக்கொள்வது அவசியம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, கிரிப்டோவே இல்லாமல் அதன் பெயரில் மட்டும் நடக்கும் பிரமிட் வியாபாரம். 2014 இல் ருஜா இக்னடோவா தொடங்கிய வன்கொயினுக்கு உண்மையான ப்ளொக்செயினே இருக்கவில்லை. ஆளைச் சேர்த்தால் தரகு என்பதே அதன் வியாபாரம். உலகெங்கும் 4 பில்லியன் டொலருக்கு மேல் திரட்டப்பட்ட பின்னர், 2017 இல் அவர் தலைமறைவானார். நம் நாட்டிலும் எம்.ரி.எஃப்.ஈ என்ற செயலியில் பலர் பணத்தை இழந்தார்கள். 2023 இல் மத்திய வங்கி அதைத் தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. பிரமிட் திட்டத்தை நடத்துவதும் விளம்பரப்படுத்துவதும் வங்கித்தொழில் சட்டத்தின்படி குற்றமாகும். அதாவது, பணத்தை இழந்தவர் தன் மச்சானையும் அயலவரையும் அதில் சேர்த்துவிட்டிருந்தால் அவர் பாதிக்கப்பட்டவராக மட்டும் இருக்கமாட்டார்.

யாராவது உங்களிடம் வந்தால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: சாவி யாரிடம் இருக்கும்? இலாபம் எந்த வியாபாரத்திலிருந்து வருகிறது? மாதம் இத்தனை வீதம் நிச்சயம் என்கிறீர்களா? நான் வேறு ஆட்களைச் சேர்க்க வேண்டுமா? கடைசி இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ப்ளொக்செயின் பதிவைப் பாதுகாக்கும். விலையைப் பாதுகாக்காது, உங்களிடம் பணம் வாங்கியவரின் நாணயத்தையும் பாதுகாக்காது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டவரை இருபது ஆங்கிலச் சொற்களாலும் ஏமாற்ற முடியாது. வல்ல அல்லாஹ் நம் உழைப்பிலும் சேமிப்பிலும் பரக்கத் செய்வானாக.