பாஸ் நிச்சயம், பதினோராம் வகுப்பு?

கேரள எல்லையோரத் தமிழ்ப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பின் கடைசி வாரங்கள். பரீட்சையைவிடப் பெரிய கேள்வி அதற்குப் பிறகுதான் காத்திருக்கிறது

மார்ச் மாதத்தில் மூணாறில் விடியற்காலைக் குளிர் இன்னும் விட்டபாடில்லை. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு மூலையில் உள்ள கொழிஞ்சாம்பாறையிலோ வெயில் அதற்குள் கொளுத்த ஆரம்பித்துவிடுகிறது. தட்பவெப்பத்தில் ஒட்டாத இந்த இரண்டு ஊர்களையும் ஒரு விஷயம் ஒட்டவைக்கிறது. இரண்டிலும் கேரள அரசின் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையைத் தமிழில் எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் மொழியாகத் தமிழ் இரண்டு தாள். கணிதம், இயற்பியல், சமூக அறிவியல் எல்லாமே தமிழில். முதல் 15 நிமிடம் 'கூல் ஆஃப் டைம்'. வினாத்தாளைப் படிக்கலாம், எழுதக் கூடாது.

இந்தப் பரீட்சையில் தோற்பவர்கள் அபூர்வம். 2023-ல் கேரளம் முழுவதும் தேறியவர்கள் 99.70 சதவிகிதம், 2024-ல் 99.69. 2005-ல் கிரேடு முறை வந்ததோடு மதிப்பெண் போட்டியின் பழைய சூடும் தணிந்துவிட்டது. எனவே கடைசி வாரங்களில் இந்தப் பிள்ளைகளை அரிக்கும் கவலை பாஸா, ஃபெயிலா என்பதல்ல. பத்து வருடம் தமிழில் படித்தாயிற்று. பதினோராம் வகுப்பு எந்த மொழியில், எந்த மாநிலத்தில் என்பதுதான்.

கவலைக்கு வயது 70 ஆகப்போகிறது. 1956 நவம்பர் 1-ந் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது, மொழியும் எல்லையும் எல்லா இடத்திலும் ஒரே கோட்டில் போகவில்லை. சித்தூர் தாலுகா பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் மலைத் தாலுகாக்கள். நேசமணி தலைமையில் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் இந்த மலைத் தாலுகாக்களையும் கேட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்துக்கு வந்தன, செங்கோட்டையும் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. தேயிலைத் தோட்டத் தமிழர்கள் வந்து போகிறவர்கள், நிலையான குடிகள் அல்ல என்ற வாதம் அன்று அவர்களுக்கு எதிராக நின்றது.

அதே ஆண்டு அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்கிறது அது. அரசியல் சட்டம் தொடக்கப் பள்ளி வாசலோடு நின்றுகொள்கிறது. கேரளம் பத்தாம் வகுப்பு வரை கூடவே வருகிறது. அதற்கப்புறம் பிள்ளை தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்று பாதைகள்

முதல் பாதை கேரளத்திலேயே பிளஸ் ஒன். 'ஏகஜாலகம்' எனப்படும் ஒற்றைச்சாளர முறையில் விண்ணப்பிக்க வேண்டும். சொந்தப் பஞ்சாயத்து, சொந்தத் தாலுகா பள்ளிகளில் கொஞ்சம் கூடுதல் சலுகை உண்டு. இடம் கிடைப்பதைவிடக் கஷ்டம், கிடைத்த பிறகு. பாடப்புத்தகம் ஆங்கிலத்தில், ஆசிரியர் விளக்குவது பெரும்பாலும் மலையாளத்தில். நேற்றுவரை 'ஒளிச்சேர்க்கை' என்று எழுதிய மாணவி ஒரே கோடை விடுமுறையில் இரண்டு மொழிகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. தமிழை இரண்டாம் மொழியாக எடுக்கலாம் என்றால், அதைச் சொல்லித்தரும் பள்ளியாக அமைய வேண்டும்.

இரண்டாவது பாதை எல்லையைத் தாண்டுவது. சித்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொள்ளாச்சியும் கோவையும் பஸ் தூரம்தான். மூணாறு, பூப்பாறை பக்கத்தவர்களுக்குப் போடிமெட்டு இறங்கினால் போடிநாயக்கனூர், மறையூர்க்காரர்களுக்கு உடுமலைப்பேட்டை. அங்கே தமிழிலேயே பிளஸ் டூ படிக்கலாம். ஆனால் தமிழகத்தில் தொழிற்கல்விக்கு விண்ணப்பிக்கும்போது எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை எங்கே படித்தாய் என்ற கேள்வி வரும். அத்தனையும் தமிழகத்தில் படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று தேவையில்லை. மற்றவர்கள் சான்று காட்டியாக வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2020-ல் வந்த 7.5 சதவிகித மருத்துவ உள் ஒதுக்கீட்டுக்கோ ஆறாம் வகுப்பிலிருந்தே தமிழக அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பத்து முடித்துவிட்டுப் போகிறவருக்கு அந்தக் கதவு ஏற்கெனவே சாத்தியாகிவிட்டது. கேரளத்தில் தமிழர், தமிழகத்தில் வெளி மாநிலத்தவர்!

மூன்றாவது பாதை படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போவது. இதைப் பற்றி யாரும் உரக்கப் பேசுவதில்லை. ஆனால் தோட்டத்து வீடுகளில் இந்த எண்ணம் தலைகாட்டாமல் இருப்பதில்லை. காரணம், வீடே வேலையோடு கட்டப்பட்டிருப்பது. லயத்து வீடு கம்பெனியுடையது. அப்பாவோ அம்மாவோ 58 வயதில் ஓய்வு பெற்றால், வீட்டில் வேறு யாராவது கொழுந்து பறிக்கப் போனால்தான் அங்கே தொடர்ந்து இருக்க முடியும். மகள் மேலே படிப்பதும் குடும்பத்துக்குக் கூரை இருப்பதும் சில வீடுகளில் ஒன்றுக்கொன்று எதிரெதிராக நிற்கின்றன.

2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் 20 சதவிகித போனஸ் கேட்டு, தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவைத்துவிட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். 'பொம்பளை ஒருமை' என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டத்தின்போது அவர்களுடைய தினக்கூலி 232 ரூபாய். பிறகு 301 ஆனது. தலையில் கொழுந்து மூட்டை சுமப்பது தங்களோடு போகட்டும், பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று நினைக்கும் தலைமுறை அது. அந்தக் கூலியிலிருந்துதான் வெளியூர் ஹாஸ்டல் பணமும் பஸ் காசும் வர வேண்டும்.

ஒரு துண்டுக் காகிதம்

பரீட்சைக்கு முன்னால் பள்ளிகளில் இன்னொரு வேலை நடக்கிறது. பெயர், இனிஷியல், பிறந்த தேதி, ஜாதி எல்லாவற்றையும் சரிபார்ப்பது. பின்னாளில் வயதுக்கு முதல் சாட்சி எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ்தான் என்பதால் ஓர் எழுத்துப் பிழையும் பெரிய அலைச்சலாகிவிடும்.

தாழ்த்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த தோட்டக் குடும்பங்களுக்கு அலைச்சல் இன்னும் பெரியது. அட்டவணை ஜாதியினருக்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளியானது 1950 ஆகஸ்ட் 10-ல். அந்தத் தேதிக்கு முன்பே குடும்பம் கேரளப் பகுதியில் குடியிருந்தது என்று நிரூபித்தால்தான் இங்கே ஜாதிச் சான்றிதழ். ஒரு மாநிலத்தின் அட்டவணை ஜாதி அந்தஸ்தைக் குடிபெயர்ந்தவர் இன்னொரு மாநிலத்துக்கு எடுத்துச்செல்ல முடியாது என்று 1990-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சொந்த நிலமோ பட்டாவோ இல்லாமல் லயத்திலேயே பிறந்து லயத்திலேயே இறந்துபோன தாத்தா எந்தக் காகிதத்தை விட்டுப்போயிருப்பார்? தோட்டத்தின் பழைய செக்ரோலில் அவர் பெயர் தட்டுப்பட்டால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் பேரப்பிள்ளைக்கு இட ஒதுக்கீடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. 'வந்து போகிறவர்கள்' என்ற பழைய வாதம் இன்னும் விண்ணப்பப் படிவத்தில் உயிரோடு இருக்கிறது.

எல்லைக்கோடு என்றால் என்ன என்பதை 2020 பளிச்சென்று காட்டியது. கொரோனாவால் மார்ச்சில் பாதியில் நின்ற எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையைக் கேரளம் மே 26-ல் மறுபடி தொடங்கியது. முகக்கவசத்தோடு மூணாறுப் பிள்ளைகள் மீதித் தாள்களை எழுதினார்கள். மலைக்குக் கீழே போடியில், அதே தமிழில் அதே வயதில் படித்தவர்களுக்கு ஜூன் மாதம் பரீட்சையே ரத்தாகி, எல்லோரும் பாஸ்.

கேரளத்திலேயே தங்குகிறவர்களுக்கும் வழியில்லாமல் இல்லை. மாநிலத்தின் பி.எஸ்.சி. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் வினாத்தாள் கேட்க இடம் தருகிறது. வேலை கிடைத்த பிறகு மலையாளத் தகுதித் தேர்வு தேற வேண்டும். சித்தூர் அரசுக் கல்லூரியிலும் கேரளப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்த் துறைகள் உண்டு. பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கி 2017-ல் வந்த சட்டம் மொழிச் சிறுபான்மையினரிடையே சஞ்சலத்தைக் கிளப்பியது உண்மை. ஆனால் மலையாளம் தெரியாமல் இந்த மாநிலத்தில் தாலுகா ஆபீசில்கூட ஒரு காரியம் நடக்காது என்பதும் உண்மை. பல பெற்றோர் தாங்களே ஒரு முடிவுக்கு வந்து, பிள்ளைகளை ஒன்றாம் வகுப்பிலேயே ஆங்கில வழிக்கு மாற்றுகிறார்கள். தமிழ் வகுப்பறையில் பெஞ்சுகள் காலியாவது அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

இந்தப் பிள்ளைகள் கேட்பது எல்லையை மாற்றிப்போடச் சொல்லி அல்ல. பத்தாம் வகுப்புக்கும் பதினொன்றுக்கும் நடுவே ஒரு பாலம்: கோடை விடுமுறையில் ஆங்கிலக் கலைச்சொற்களுக்கு ஒரு பயிற்சி, தாலுகாவுக்கு ஒன்றிரண்டு மேல்நிலைப் பள்ளிகளிலாவது தமிழ் தெரிந்த பாட ஆசிரியர்கள், தாத்தாவின் காகிதத்தைப் பேரனிடம் கேட்காத ஒரு சான்றிதழ் முறை. மே மாதம் ரிசல்ட் வரும்போது கிட்டத்தட்ட எல்லோரும் பாஸாகியிருப்பார்கள். ஜூனில் எத்தனை பேர் பதினோராம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், அடுத்த மார்ச்சில் எத்தனை பேர் அங்கேயே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுதான் சரியான ரிசல்ட்.