தோல் துண்டும் மெழுகுத் துணியும்: புதிதாய்க் கற்போருக்கு ஒரு கைவினைக் கூடம்

வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோலோடு ஏதேனும் ஒரு வகையில் தொடர்பில்லாத தெருவைக் காண்பது அரிது. உப்பிட்ட பச்சைத் தோல் வந்து இறங்குவது முதல், காலணியாகிப் பெட்டியில் அடுக்கப்பெற்றுத் துறைமுகம் நோக்கிப் புறப்படுவது வரை, எத்தனையோ கைகள் அதைத் தீண்டுகின்றன. மயிர் களைபவர் ஒருவர். சதை சீவுபவர் ஒருவர். சாயம் ஏற்றுபவர் ஒருவர். காலணிச் சாலையிலோ வெட்டுபவர் வேறு, ஓரம் சீவுபவர் வேறு, மேல்பாகம் தைப்பவர் வேறு, அடியை ஒட்டுபவர் வேறு. பத்தாண்டுகள் தையற் பொறியின் முன் அமர்ந்திருந்த பெண்மணி ஒருவர், தாம் தைத்த காலணி முழுமை பெற்று எப்படி இருக்கும் என்பதைக் கடைக் கண்ணாடிக்குள்தான் காண்கிறார். குடியாத்தத்து நெசவாளர் நிலையும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. தறி அவருடையதாய் இருக்கலாம். லுங்கியின் கட்டம் எத்தனை இழை, எந்த வண்ணம் என்பதைப் பெரும்பாலும் பாவு கொடுப்பவரே தீர்மானிக்கிறார்.

கைத்திறனுக்கு இப்பகுதியில் பஞ்சமில்லை. ஒரு பொருளைத் தானே எண்ணி, தானே வரைந்து, தானே செய்து முடிக்கும் பழக்கத்திற்குத்தான் பஞ்சம். இக்குறையைத் தீர்க்கும் எளிய வழிகளுள் ஒன்று, புதிதாய்க் கற்போருக்கென ஊருக்குப் பொதுவான ஒரு கைவினைக் கூடம். தறியும் உளியும் பிடித்தறியாத இளைஞரும், வீட்டு வேலை முடித்து வரும் தாய்மாரும், பள்ளிச் சிறுவரும் மாலை வேளையில் வந்து அமர்ந்து கற்கும் கூடத்தையே இங்கே குறிப்பிடுகிறோம்.

"வயிற்றுப்பாடே பெரும்பாடாய் இருக்கையில் சித்திரம் எழுதக் கூடம் எதற்கு?" என்று அங்கத்தினர் கேட்பது நியாயமே. இவ்வினாவுக்கு விடை தேட நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சென்னைக்குத் தெற்கே கடற்கரையில், ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் கலைஞர் கிராமம் இவ்வினாவுக்கு ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாக விடையளித்து வருகிறது.

அதை நிறுவியவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த இவர், சென்னை அரசினர் கலை, கைவினைக் கல்லூரியில் 1957 முதல் பத்தாண்டுக் காலம் முதல்வராக இருந்தார். அக்கல்லூரியோ, 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கைத்தொழிற் பள்ளியிலிருந்து வளர்ந்தது. பணிக்கரின் மனத்தை உறுத்திய கவலை ஒன்றே. ஆண்டுதோறும் நல்ல மாணவர் தேறி வெளியேறுகின்றனர். ஓவியம் வாங்குவார் ஊரில் இல்லை. ஆகவே சிலர் எழுத்தர் வேலைக்கும், சிலர் விளம்பர நிலையத்திற்கும் போய்விடுகின்றனர். தூரிகை மூலையில் கிடந்து காய்கிறது. இவ்விடத்தில் நெசவாளர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1950களில் தொடங்கப்பெற்ற நெசவாளர் சேவை மையங்கள் ஓவியர்களை அழைத்து, கைத்தறிக்குப் புது வடிவம் வரையச் செய்தன. சென்னை மையத்தில் பணியாற்றிய ரெட்டப்ப நாயுடு பின்னாளில் நாடறிந்த ஓவியரானார். ஆனால் எல்லாருக்கும் அத்தகைய வேலை கிட்டுமா?

பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஒரு வழி கண்டனர். கைவினைப் பொருள் செய்து விற்பது. அதில் வரும் பணத்தால் ஓவியம் எழுத ஓய்வைப் பெறுவது. ஓவியர்கள் ஒன்றுகூடிக் கைவினைஞர் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டனர். மெழுகால் துணியில் எழுதிச் சாயமிடும் பத்திக் வேலை அவர்களுக்கு முதன்மையான வருவாயாயிற்று. அவ்வருவாயைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் சில ஏக்கர் மணற்காட்டை வாங்கினர். 1966இல் கிராமம் பிறந்தது. மின்சாரமும் நல்ல சாலையும் இல்லாத அந்நாளில் அங்கே குடிசை கட்டிக் குடியேறுவதற்குத் துணிவு வேண்டும். சர்க்கார் மானியத்தையோ செல்வரின் கொடையையோ எதிர்பார்த்து அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. துணியும் மெழுகும் அவர்களுக்கு நிலம் வாங்கித் தந்தன. நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களும், வாசுதேவின் ஓவியங்களும், சேனாதிபதியின் செப்புத் தகட்டு வேலைகளும் பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்றன. ராமானுஜம் என்ற இளைஞர் கோட்டோவியங்களால் ஒரு தனி உலகையே படைத்துவிட்டு இளவயதிலேயே மறைந்தார். பணிக்கர் 1977இல் காலமானார். கிராமம் இன்றும் இருக்கிறது. 2009 முதல் அங்கே ஒரு கலைக் காட்சியகமும் நடைபெறுகிறது.

கூட்டுறவு என்ற சொல்லைப் பெரிதாக முழங்காமலே கூட்டுறவு செய்தவர் இவர். விற்பனைக்குப் பொதுவான ஏற்பாடு, தனித்தனி மனை, அவரவர் விருப்பப்படி கலை என்ற இம்முறையில், ஒருவருடைய கற்பனையில் மற்றவர் தலையிடவில்லை. நம் சங்கங்கள் நூல் கொள்முதலிலும் சரக்கு விற்பனையிலும் ஒற்றுமை காட்டுகின்றன. கோ-ஆப்டெக்ஸ் 1935 முதல் இப்பணியைச் செய்துவருகிறது. வடிவம் வரையும் வேலையை மட்டும் நாம் யாரோ ஒருவரிடம் விட்டுவிட்டோம்.

பத்திக்கும் தோல் வேலையும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பெற்ற இடம் இன்னும் ஒன்று உண்டு. அது வங்காளத்தில் உள்ள ஸ்ரீநிகேதனம். இரவீந்திரநாத தாகூர் 1922இல், லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயரின் துணையோடு, சாந்திநிகேதனத்தை அடுத்த சுருல் கிராமத்தில் அதைத் தொடங்கினார். கிராமத்தாருக்கு வேளாண்மையோடு கைத்தொழிலும் கற்பிப்பதே அதன் நோக்கம். 1927இல் தாகூர் ஜாவாவுக்குச் சென்றபோது உடன் சென்ற ஓவியர் சுரேந்திரநாத் கர், அங்கே பத்திக் முறையைக் கண்டு வந்தார். தோலில் சித்திரம் அழுத்தி வண்ணமேற்றும் வேலையை வளர்த்தவர்கள் கவியின் மகன் ரதீந்திரநாதரும் மருமகள் பிரதிமா தேவியும். உயர்குடி என்று எண்ணப்பட்ட ஒரு வீட்டார், நாடு முழுவதும் ஒதுக்கிவைத்த தோலைத் தம் மடியில் வைத்து வேலை செய்ததும், அதை மற்றவர்க்குக் கற்பித்ததும் சிறு காரியமல்ல. நம் பகுதியிலும் தோல் தொட்ட கையை வேறாகப் பார்க்கும் வழக்கம் முற்றும் போய்விட்டதாக யார் சொல்ல முடியும்? நெசவாளர் வீட்டுப் பிள்ளையும் பதனிடுவோர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து ஒரே கொட்டாப்புளியை மாற்றி மாற்றி வாங்கி வேலை செய்வார்களானால், அதற்காகவே ஒரு கூடம் கட்டலாம் என்பது எம் கருத்து.

சாந்திநிகேதனத் தோல் பொருள்களுக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு. அவ்வேலைக்கு ஏற்றது தாவரப் பொருளால் பதனிட்ட தோல். 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்று வணிகத்தில் வழங்கும் நம் தமிழ்நாட்டுத் தோல் அவ்வகையைச் சேர்ந்ததே; அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் நம் வறண்ட நிலங்களிலும் மலைச்சரிவுகளிலும் கிடைப்பவை. அவற்றைக் கொண்டே நம் முன்னோர் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பதனிட்டனர். 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்திய பின்னர், முடித்த தோலும் காலணியும் முன்னுக்கு வந்தன. குரோம் முறை பரவிற்று. அதன் கழிவு பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் செய்த கேட்டை, 1996இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின் வழியாக நாடே அறிந்தது.

புதிதாய்க் கற்பவருக்கு இவ்விரு தோலின் வேற்றுமையே முதற் பாடமாகலாம். ஒரு துண்டின் மீது ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். தாவரப் பதனத் தோல் நீரை உறிஞ்சி அவ்விடத்தில் கருமை கொள்ளும். நகத்தால் அழுத்தினால் வடு நிற்கும். குரோம் தோலோ மிருதுவாய் வளைந்து மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிடும். சாயம் முழுதும் ஊறாத துண்டாயின் வெட்டுவாயில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். சித்திரம் நிற்பது முன்னதில்தான். ஆகவே கழிவு மூட்டையிலிருந்து துண்டுகளைப் பிரித்தெடுக்கும்போதே மாணவர் கண் பழகிவிடுகிறது. அகப்படும் குரோம் துண்டுகளையும் எறிய வேண்டியதில்லை. பின்னிய வார், சிறு பை முதலியவற்றுக்கு அவை நன்கு உதவும்.

அடுத்தது வேலை. தோலை ஈரப் பஞ்சால் ஒற்றிச் சற்று நேரம் விட வேண்டும். சொட்டச் சொட்ட நனைப்பதால் பயனில்லை. மேற்புறம் மீண்டும் இயல்பான நிறத்திற்குத் திரும்பத் தொடங்கும் தருணமே உகந்த பதம். தாளில் எழுதிய கோலத்தை அதன்மேல் வைத்து, மழுங்கிய முனையுள்ள ஆணியால் கோட்டைத் தடவ வேண்டும். பின்னர்த் தாளை நீக்கி, கோட்டை ஆழப்படுத்தி, சித்திரத்தைச் சுற்றியுள்ள தரையை அச்சாணியும் கொட்டாப்புளியும் கொண்டு தாழ்த்த, பூவும் கொடியும் மேலெழுந்து நிற்கும். இதற்கு இரும்பு அடிமட்டைக் கொட்டாப்புளி ஆகாது, மரமே வேண்டும். உலர்ந்த பின் சாயம், அதன்பின் மெழுகு. விளிம்பைத் தைக்க இரண்டு ஊசிகளும், மெழுகு பூசிய ஒரே நூலும் போதும். ஒவ்வொரு துளையிலும் இரு ஊசிகளும் எதிரெதிரே கடந்து செல்லும் இத்தையல், பொறித் தையலைவிட உறுதியானது. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மறுபக்கத்து நூல் தாங்கி நிற்கும். காலணிச் சாலையில் பொறித் தையலே பழகிய பெண்மணிக்கு இது வியப்பளிக்கும்.

நெசவாளருக்குப் பத்திக் இன்னும் நெருக்கமானது. வேண்டியது ஒரு முழம் பருத்தித் துணி. அதன் கஞ்சியைக் கொதிநீரில் முற்றும் போக்கிவிட வேண்டும், இல்லையெனில் சாயம் திட்டுத் திட்டாய்ப் பிடிக்கும். தேன்மெழுகையும் பாரபினையும் கலந்து உருக்குவார்கள். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும்; பாரபின் வெடிக்கும். அவ்வெடிப்பின் வழியே சாயம் ஊடுருவி மரவேர் போன்ற மெல்லிய கோடுகளை உண்டாக்கும். அக்கோடுகள் மிகுதியாய் வேண்டுமானால் பாரபினைக் கூட்டலாம். சாயம் குளிர்ந்த நிலையில் பிடிப்பதாய் இருத்தல் வேண்டும். சூடான சாயத்தில் மெழுகு கரைந்துவிடும். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பின்னர். ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னும் அந்நிறத்திலேயே நிற்க வேண்டிய இடங்களை மெழுகால் மூடிவிட்டு அடுத்த நிறத்தில் அமிழ்த்துவார்கள். கடைசியில் கொதிநீர் மெழுகைக் களையும். அவுரி நீலம் இதற்கு மிகப் பொருத்தமானது. திண்டிவனம் பக்கத்தில் இன்றும் அவுரி பயிராகிறது என்பதை விவசாய அங்கத்தினர் கவனிக்கலாம். கட்டம் நெய்தே பழகிய நெசவாளர், தம் துணியின்மேல் வளைந்த கோடு ஒன்றை முதன்முதல் இழுத்துப் பார்க்கும் இடம் இதுவாகும்.

இத்தகைய வகுப்பைத் தொடங்குவோர் ஒரு மயக்கத்திற்கு இடங்கொடுக்கலாகாது. மூன்று மாதம் கற்றதும் வருவாய் வந்துவிடும் என்று ஆசை காட்டுவது தவறு. சோழமண்டலத்தார் விற்றது பல்லாண்டு பயிற்சி பெற்ற கையின் வேலையை. மற்றொரு புறம், வெட்டி வைத்த அட்டையையும் அச்சிட்ட படத்தையும் கொடுத்து ஒட்டச் சொல்லும் வகுப்புகளையும் இந்நாளில் எங்கும் காண்கிறோம். அவற்றில் குழந்தை பொழுது போக்கலாம்; ஒன்றைப் படைக்காது. தொடக்கத்தில் மாணவர் வரையும் கோலம் கோணலாய் இருந்தாலும் அது அவருடையதாய் இருக்க வேண்டும். வாசலில் நாள்தோறும் புள்ளி வைத்துக் கோலமிடும் பெண்மணிக்கு வரையத் தெரியாது என்று சொல்லித் தொடங்கும் ஆசிரியர் அவ்வேலைக்கு ஏற்றவர் அல்லர்.

செலவைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. மாலையில் பூட்டிக் கிடக்கும் சங்கக் கிடங்கின் ஓர் அறை, நல்ல விளக்கு, நான்கு நீண்ட பலகை, காற்றோட்டம், அருகில் நீர் இருந்தால் போதும். தோல் துண்டுகளைப் பதனிடும் சாலைகளிடமும் காலணிச் சாலைகளிடமும் கேட்டு வாங்கலாம். ஓய்வு பெற்ற தொழிலாளர் ஒருவரும், கவின்கலை கற்ற இளைஞர் ஒருவரும் சேர்ந்து நடத்துவது நலம். ஒருவருக்குப் பொருள் தெரியும், மற்றவருக்கு வடிவம் தெரியும். வேலை நேரம் முடிந்த பின் வரும் பெண்மணிகள் இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டியிருப்பின், ஞாயிறு முற்பகலே அவர்களுக்கு உகந்த வேளை.

மெழுகு உருக்கும் அடுப்பைப் பற்றி மட்டும் சற்றுக் கண்டிப்பு வேண்டும். மெழுகுப் பாத்திரத்தை நேரே தீயின்மேல் வைக்காமல், கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்தே உருக்குக. புகை கிளம்பினால் உடனே இறக்கிவிடுக. தப்பித் தவறித் தீப்பற்றினால் நீரை ஊற்றலாகாது. எரியும் மெழுகு நான்கு பக்கமும் தெறிக்கும். பாத்திரத்தை மூடும் அளவுள்ள தட்டு ஒன்று எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முதல் நாள் வருபவருக்குத் தோலில் ஒரு புத்தகக் குறியட்டை போதும். உள்ளங்கை அகலத் துண்டு, ஓர் ஆணி, ஒரு கொட்டாப்புளி. இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். பின்புறத்தில் செய்தவர் தம் பெயரையும் தேதியையும் பொறித்துக்கொள்ள இடம் விடுக.