வீட்டு வெள்ளாடும் பால் கறக்கும் நேரமும்

பசு வாங்க வசதியற்ற பல குடும்பங்களில் குழந்தைக்குப் பாலளிப்பது வெள்ளாடே. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஏறத்தாழ 14.9 கோடி வெள்ளாடுகள் இருந்தன. அவற்றுள், ஆக்ரா, மதுரா வட்டாரங்களில் வளர்க்கப்படும் பார்பரி இனம், மேய்ச்சல் நிலமின்றிக் கொட்டிலில் கட்டி வளர்ப்பதற்கு ஏற்றது.

ஆயினும், பால் குன்றாது கிடைப்பது நமது ஒழுங்கைப் பொறுத்தது. காலையும் மாலையும் குறித்த நேரத்தில், அதே இடத்தில், கூடியவரை ஒருவரே கறத்தல் நன்று. பழகிய கை பட்டதும் ஆடு பால் சுரக்கும்; மிரண்ட ஆடோ பாலை அடக்கிக்கொள்ளும்.

முதலில் மடியைக் கழுவித் துடைத்து, முதற் பீச்சுகளைத் தனிக் கிண்ணத்தில் கறந்து நோக்க வேண்டும். திரிதிரியாகவோ செந்நிறமாகவோ பால் வருமாயின், அது மடிநோயின் அறிகுறி. கால்நடை மருத்துவரை உடனே நாட வேண்டும். நலமாயின், மடி வற்றும்வரை கறத்தல் வேண்டும். குட்டியிருப்பின் அதன் பங்கை விட்டுவைக்கலாம். மடியில் தேங்கும் பால் மேற்கொண்டு சுரப்பதைத் தடுக்கும். இவ்வாறு பல வேளை தவறினால் பால் குறைந்து, நாளடைவில் வற்றியும்விடும்.

கிடாயை அப்பால் கட்டினால் பாலில் வாடை ஏறாது. கறந்த பாலை வடிகட்டிக் காய்ச்சியே பருகுதல் வேண்டும். திருவிழாவானாலும் விருந்தானாலும் மடிக்கு விடுமுறை இல்லை என்பதை நாம் மறவாதிருப்போமாக.